விழுங்கியதில் எவ்வளவு உடலில் சேர்கிறது? சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும்: வாசகர் கேள்வி பதில்

சத்து மாத்திரைகள் பற்றி வந்த கடிதங்களில் ஆறைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மாத்திரைகள் வெவ்வேறு என்றாலும் கேட்கப்பட்டிருப்பது ஏறத்தாழ ஒன்றுதான்: போட்டுக்கொள்ளும் மாத்திரை உடலில் சேர்கிறதா, சேர்ந்ததை ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டுகிறதா? இங்கே சொல்லப்படுபவை பொதுவான விளக்கங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்களைப் பரிசோதித்த டாக்டரின் முடிவாகவே இருக்கவேண்டும்.

தஞ்சாவூர் வாசகி: எனக்கு வயது 34. ஹீமோகுளோபின் 9.4 இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதமாகத் தினமும் காலை டிபனை முடித்து, காபி குடித்த கையோடு போட்டுக்கொள்கிறேன். இப்போதும் 9.8தான். மலம் கறுப்பாகப் போகிறது. சத்தெல்லாம் வெளியே போய்விடுகிறதா? ஆனால் ரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்த்தபோது நார்மல் என்று வந்ததே?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு பிணைந்துகொண்டு அதை உறிஞ்சவிடாமல் செய்கின்றன. உணவோடு டீ குடித்தால், அந்த உணவிலுள்ள தாவர வகை இரும்பு உடலில் சேர்வது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடக்கூடும். பால், கால்சியம் மாத்திரை, தவிடு நிறைந்த தானியங்கள் ஆகியவையும் இரும்பு சேர்வதைக் குறைக்கின்றன. ஆகவே காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருக்க உதவும். வெறும் வயிற்றில் குமட்டினால் மாத்திரையை நிறுத்திவிடாமல், சிறிது உணவுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும், பாதியில் நிறுத்துவதைவிட அது மேல்.

மலம் கறுப்பது எதிர்பார்க்கவேண்டியதுதான். மாத்திரையில் உள்ள இரும்பில் ஒரு பகுதியை மட்டுமே குடல் எடுத்துக்கொள்கிறது, மீதி நிறம் மாறி வெளியேறுகிறது. மலம் தார் போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் இருந்தால் மட்டும் அது குடலில் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

எவ்வளவு இரும்பை உள்ளே விடுவது என்பதை ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் தீர்மானிக்கிறது. கல்லீரலில் சுரக்கும் இந்த ஹார்மோன், ஒரு மாத்திரை போட்டவுடன் உயர்ந்து ஏறக்குறைய ஒரு நாள் வரை உயர்ந்தே இருப்பதால், அடுத்து வரும் மாத்திரையிலிருந்து சேரும் இரும்பு குறைகிறது. இதைத்தான் ஜூரிச் நகர ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தாலும் ரத்தசோகை இல்லாத இளம்பெண்கள் 60 மில்லிகிராம் இரும்பைத் தினமும் எடுத்தபோது அதில் சுமார் 16 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தபோது சுமார் 22 சதவீதமும் உடலில் சேர்ந்தன. இதைப் படித்துவிட்டு நீங்களாக முறையை மாற்றிக்கொள்ளக் கூடாது, குறிப்பாகக் கர்ப்பிணிகள் தினமும் போடச் சொன்னால் தினமும்தான் போடவேண்டும். ஆனால் வயிற்று உபாதையால் மாத்திரையையே விட்டுவிடும் நிலையில் இருப்பவர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இனி அந்த 'நார்மல்' பற்றி. உங்களுக்குச் செய்தது சீரம் அயர்ன் என்னும் பரிசோதனை. வீட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் நெற்குதிருக்குள் பார்க்கவேண்டுமே தவிர, இன்று உலையில் போட்ட அரிசியை அளந்து பயனில்லை. சீரம் அயர்ன் அந்த உலை அரிசி. ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் மாறும், மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் மளமளவென்று ஏறும். காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் பத்து மணிக்கு ரத்தம் கொடுத்திருந்தால், அந்த எண் காட்டியது மாத்திரையைத்தான், உங்கள் கையிருப்பை அல்ல. கையிருப்பை அறிய, இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினைப் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக உயர்ந்துவிடும். அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு அதே நிறுவனம் 70ஐ எல்லையாக வைக்கிறது. சளி, காய்ச்சல் வந்த வாரத்தில் பரிசோதனைக்குப் போகவேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சரியாகச் சேரும் மாத்திரை ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினை ஒரு கிராமாவது உயர்த்தவேண்டும். நேரத்தை மாற்றிய பிறகும் உயராவிட்டால் வேறு காரணங்களைத் தேடவேண்டும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறதா, வயிற்றில் புண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிவப்பணுக்கள் சிறியவையாக இருந்தும் ஃபெரிட்டின் குறையாமல் இருந்தால், பிறவியிலேயே ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் தலசீமியா மரபுக்கூறு உள்ளதா என்று, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம். அந்தக் கூறு மட்டும் உள்ளவர்களுக்கு இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறாது, தேவையில்லாமல் வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும்: ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டவுடன் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கையிருப்பு நிரம்ப அதற்குப் பிறகும் சுமார் மூன்று மாதம் வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: என் தந்தைக்கு வயது 68. சுத்த சைவம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பி12 குறைவு என்று 1500 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான் என்று படித்தேன். இவ்வளவு அதிகம் ஆபத்தில்லையா? ஒரு மாதத்தில் அளவு 2000ஐத் தாண்டிவிட்டதால் நிறுத்திவிட்டோம். ஆனால் கால் எரிச்சல் அப்படியே இருக்கிறது.

பதில்: நிறுத்தியது சரியல்ல, டாக்டரிடம் பேசி மீண்டும் தொடங்குங்கள். பி12 உடலில் சேரும் வழி மற்ற வைட்டமின்களைவிடச் சிக்கலானது. உணவிலுள்ள புரதத்திலிருந்து இதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய் அங்கேதான் உறிஞ்சப்படவேண்டும். இந்த வழியில் ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் செல்ல முடியாது. எவ்வளவு கொடுத்தாலும் அதுதான் எல்லை. ஆனால் இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமலேயே, குடலில் இருக்கும் பி12இல் ஏறக்குறைய ஒரு சதவீதம் தானாகக் கசிந்து ரத்தத்துக்குள் போகும். 1500இல் ஒரு சதவீதம் 15 மைக்ரோகிராம். அந்தப் பதினைந்துக்காகத்தான் அவ்வளவு பெரிய மாத்திரை. மீதி வீணாக வெளியேறுகிறது, நஞ்சாவதில்லை.

மெட்ஃபார்மினை நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி காணப்படும் பக்கவிளைவு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதைக் குறித்து மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல மருந்து. பி12ஐ அவ்வப்போது பார்த்துக்கொண்டு, குறைந்தால் ஈடுசெய்தால் போதும். நெஞ்செரிச்சலுக்கு என்று வருடக்கணக்கில் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளையும் போடுகிறாரா என்று பாருங்கள். அவையும் அமிலத்தைக் குறைத்து, உணவிலிருந்து பி12 பிரிவதைத் தடுக்கின்றன.

2000 என்ற எண்ணைப் பற்றி: மாத்திரை தொடங்கிய பிறகு எடுக்கும் சீரம் பி12, பெரும்பாலும் மாத்திரை ரத்தத்துக்குள் வந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். நரம்புச் செல்லுக்குள் போய் அங்கே வேலை செய்கிறதா என்பதை அது சொல்லாது. சந்தேகம் இருக்கும்போது மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகிய இரண்டையும் பார்ப்பார்கள். பி12 போதாதபோது இவை ரத்தத்தில் தேங்கும், போதுமானபோது இறங்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் இவை ஏறும் என்பதால், உங்கள் தந்தையின் கிரியாட்டினின் அளவையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்லவேண்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இந்தப் பரிசோதனைகளைச் செய்திருந்தால் ஒப்பிட வசதியாக இருந்திருக்கும்.

கால் எரிச்சல் ஒரு மாதத்தில் போகாது. நரம்பு மீள மாதக்கணக்கில் ஆகும், நெடுநாள் கவனிக்காமல் விட்டிருந்தால் முழுமையாக மீளாமலும் போகலாம். எரிச்சலுக்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம். நடையில் தள்ளாட்டமோ மறதியோ சேர்ந்திருந்தால் மாத்திரையை நம்பிக் காத்திராமல் ஊசி போடுவதே முறை. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது. அது ரத்தசோகையைச் சரிசெய்து குறைபாட்டை மறைத்துவிடும், நரம்புச் சேதமோ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

சைவர்களுக்கென்று ஸ்பைருலினா மாத்திரைகளை பி12 ஆதாரமாக விற்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12. பாலும் தயிரும் அதைவிட நம்பத்தக்கவை.

சென்னை வாசகி: முடி கொட்டுவதற்காக 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் மாத்திரை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன். போன வாரம் எடுத்த தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகவும் குறைவு, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, மருந்து தொடங்கவேண்டும் என்கிறார்கள். எனக்குப் படபடப்போ எடைக் குறைவோ எதுவும் இல்லை.

பதில்: மருந்து தொடங்குவதற்கு முன், நீங்கள் பயோட்டின் சாப்பிடுவதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது உங்களுடையதுதான்.

பயோட்டின் பி வகை வைட்டமின்களில் ஒன்று. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதுமானது என்று கொள்ளப்படுகிறது. உங்கள் மாத்திரையில் அதைப்போல 300 மடங்குக்கும் மேல் இருக்கிறது. இரும்பைப் போலன்றி, பயோட்டின் வாய்வழியாக ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குள் போய்விடும். ஹார்மோன்களை அளக்கும் பல கருவிகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் தன்மையை அடிப்படையாகக் கொண்டு இயங்குகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால், அது கருவிக்குள் இருக்கும் அந்தப் பிணைப்பிடங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இதனால் டி.எஸ்.எச். போன்றவற்றை அளக்கும் முறையில் விடை பொய்யாகக் குறைந்தும், டி4, டி3 ஆகியவற்றை அளக்கும் முறையில் விடை பொய்யாக உயர்ந்தும் வரும். இரண்டும் சேர்ந்தால் அறிக்கை தைராய்டு மிகைச் சுரப்பை அப்படியே ஒத்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பது அதே வடிவம், அறிகுறிகளும் இல்லை.

குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்லும் கால அளவும் இதுதான். நீங்கள் சாப்பிடும் அளவு அதிகம் என்பதால் டாக்டர் இன்னும் சில நாள் நிறுத்தச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் நாட்கள் தேவைப்படும். எல்லாக் கருவிகளும் இந்த முறையில் இயங்குவதில்லை. உங்கள் பரிசோதனை நிலையத்தில் எந்த முறை என்று அவர்களிடமே கேட்கலாம்.

மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் இதே பிழை நேரலாம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், பயோட்டின் காரணமாக ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து ஒருவர் இறந்த தகவல் உள்ளது. நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போகும் ஒருவர், தான் முடிக்குச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நினைக்கவே மாட்டார். வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். முடி கொட்டுவதைப் பொறுத்தவரை, உண்மையான பயோட்டின் குறைபாடு அரிது. ஃபெரிட்டினையும், மறுபடி எடுக்கும் தைராய்டு பரிசோதனையையும் பார்ப்பதே பயன் தரும்.

நாகர்கோவில் வாசகர்: வைட்டமின் டி 11 என்று வந்தது. வாரம் ஒன்றாக 60,000 யூனிட் எட்டு வாரம் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வேறு ஒரு இடத்தில் '1,25 டைஹைட்ராக்ஸி' என்ற பரிசோதனை எடுத்தேன். நார்மல் என்று இருக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம், எட்டு வாரத்தையும் முடியுங்கள். நீங்கள் இரண்டாவதாக எடுத்தது உங்கள் கேள்விக்கு ஏற்ற பரிசோதனையே அல்ல. கையிருப்பைக் காட்டுவது 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். 1,25 என்பது சிறுநீரகம் அவ்வப்போது தயாரிக்கும் ஹார்மோன் வடிவம், சில மணி நேரமே ரத்தத்தில் தங்கும். டி குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்து சிறுநீரகத்தை முடுக்குவதால், கடும் குறைபாட்டிலும் இது நார்மலாகவோ அதிகமாகவோ வரக்கூடும். சிறுநீரக நோய் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே இது தேவை, விலையும் அதிகம்.

மறுபரிசோதனையை மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகு, கூடுமானவரை அதே பரிசோதனை நிலையத்தில் செய்யுங்கள். எந்த எண் போதும் என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் 20 நானோகிராம் போதும் என்றது, அதே ஆண்டில் அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024இல் அந்தச் சங்கமே 30 என்ற இலக்கைக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்யவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. 11 குறைவு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், வெறும் வயிற்றில் போடாமல் எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேர்ந்த மதிய உணவோடு சாப்பிடுங்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு, கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அளவுகடந்த தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று வருபவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் அட்டையின் மேலேயே கிழமையை எழுதிக் கொடுங்கள்.

வேலூர் வாசகி: கால்சியம் மாத்திரை சாப்பிட்டும் ரத்தத்தில் கால்சியம் 9.2 என்று முன்பு போலவேதான் இருக்கிறது. மாத்திரையால் பயன் இல்லையா?

பதில்: அந்த எண் மாறாமல் இருப்பதுதான் இயல்பு. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளும். எலும்பின் நிலையை அறிய டெக்சா ஸ்கேன்தான் வழி. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடும், சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் இதே விதி.

ஈரோடு வாசகர்: மூட்டு வலிக்கு மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். '20 மடங்கு அதிகம் உறிஞ்சப்படும்' என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. உண்மையா? ரத்தத்தில் குர்குமின் அளவைப் பார்க்க முடியுமா?

பதில்: அந்த எண்ணுக்கு ஆதாரம் உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது 2000 சதவீதம் உயர்ந்தது. ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து கணக்கிட்ட உயர்வு இது என்பதை பாட்டில் சொல்வதில்லை. ரத்தத்தில் கூடுதலாகக் காணப்படுவதால் மூட்டு வலி அதே விகிதத்தில் குறையும் என்பதும் இல்லை. குர்குமினுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, பார்த்தாலும் அதை வைத்து முடிவெடுக்க அளவுகோல் இல்லை.

நீங்கள் பார்க்கவேண்டியது வேறு. கல்லீரலும் குடலும் அந்நியப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. குர்குமின் அதிகம் சேர்வது அதனால்தான். அதே காரணத்தால் வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனோலால் போன்ற மருந்துகளும் ரத்தத்தில் கூடலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த கேப்ஸ்யூல்களைத் தொடவே கூடாது. இத்தாலியில் 2019இலும், பிறகு ஆஸ்திரேலியாவிலும் குர்குமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகப் பதிவாகி, அந்நாட்டு அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தார்கள். ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது, அங்கே அளவு மிகக் குறைவு.

தொடர்ந்து சாப்பிடுவதென்றால், தொடங்கும்போதும் சில வாரங்கள் கழித்தும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ, பசி அற்றுப் போனாலோ, உடனே நிறுத்திவிட்டு அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.